வெள்ளநீரில் நின்ற கால்: குளிரா காரணம், நேரமா?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் கடலூரிலும் புதுச்சேரியிலும் வாட்ஸ்அப்பில் கால் பராமரிப்புக் குறிப்புகள் சுற்றத் தொடங்கிவிடும். ஊறிய காலைச் சுடுநீரில் உப்புப் போட்டு வைக்கச் சொல்லும் ஒன்று. சுடுநீர்ப் பக்கமே போகாதீர்கள் என்று எச்சரிக்கும் இன்னொன்று. பனியில் கறுத்த விரல்களின் படத்தைப் போட்டு, மழைநீரில் நின்றால் உங்களுக்கும் இந்தக் கதிதான் என்று மிரட்டும் மூன்றாவது. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் எதுவும் முழுக் கட்டுக்கதை அல்ல. ஏதோவொரு மருத்துவக் கையேட்டில், ஏதோவொரு காயத்துக்குச் சரியாகச் சொல்லப்பட்டவைதான். எந்தக் காயத்துக்கு என்பதை மட்டும் உதறிவிட்டு வந்து சேர்ந்திருக்கின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நின்று, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகுடன் இறங்க வேண்டியிருந்தது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பாய்ந்து, கடலூரின் கரையோரப் பகுதிகளையும் பாகூர் வட்டாரத்தையும் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் காலுக்கு உண்மையில் என்ன நேர்கிறது, எதற்கு என்ன மருத்துவம் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

தோலுக்குள் நீர் செய்யும் வேலை

தோலின் மேல்பரப்பு இறந்த செல்களால் ஆன அடுக்கு. உடலிலேயே அது மிகத் தடித்திருப்பது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும்தான். இந்த இரண்டு இடங்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. முகத்திலும் முதுகிலும் நீரைத் தள்ளிவிடும் இயற்கை எண்ணெய்ப் பூச்சு இங்கே இல்லை என்பதால், தண்ணீர் எளிதில் உள்ளே இறங்கி அடுக்கை உப்பவைக்கிறது. கால் வெளுப்பதும் கொழகொழவென்று ஆவதும் இதனால்தான்.

முதல் அரை மணி நேரத்துக்குள் விரல்நுனிகளில் விழும் சுருக்கம் வேறு கதை. தோல் ஊறியதால் மட்டும் அது வருவதில்லை. நரம்பின் கட்டளையால் விரல்நுனி ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வருகிறது. நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு நேரம் நீரில் கிடந்தாலும் சுருங்குவதில்லை என்பது 1930களிலேயே கவனிக்கப்பட்டுவிட்டது. ஆகவே சுருக்கம் விழுந்தவுடன் கால் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அது நரம்பு வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி.

சிக்கல் தொடங்குவது பல மணி நேரம் கடந்த பிறகு. ஊறிய தோலுக்கு உராய்வைத் தாங்கும் வலு போய்விடும். செருப்பு வார், பூட்ஸ் விளிம்பு, விரலிடுக்கில் சிக்கிய ஒரு பொட்டு மணல் எதுவாயினும் அதைக் கிழித்துவிடும். கிழிந்த இடம் கிருமிக்கு வாசல். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டாலே கால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஈரச் சாக்ஸுக்குள்ளும் மூடிய ரப்பர் பூட்ஸுக்குள்ளும் இருக்கும் கால், தோலின் கணக்கில், இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறது.

வெப்பநிலை பிரிக்கும் நான்கு காயங்கள்

ஈரமும் குளிரும் காலில் ஏற்படுத்தும் பாதிப்புகளை ஒரே பெயரில் சொல்லிவிடுவதுதான் குழப்பத்தின் வேர். வெப்பநிலையை வைத்துப் பிரித்தால் தெளிவாகும்.

1. உறைகாயம். வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும்போது திசுவுக்குள் இருக்கும் நீரே பனிக்கட்டியாகிறது. தோல் மெழுகு போல வெளிறி விறைத்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் கறுத்த விரல் படங்கள் பெரும்பாலும் இதுதான். இதற்கு ஈரம் கட்டாயமில்லை.

2. பதுங்குகுழிக் கால். ஆங்கிலப் பெயரான டிரெஞ்ச் ஃபுட் என்றே நம் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 0 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையுள்ள ஈரத்தில் கால் நெடுநேரம் கிடந்தால் வருவது. எதுவும் உறைவதில்லை. ஆனால் ரத்தக்குழாய்கள் இறுகிப்போய், நரம்புக்கும் தசைக்கும் ரத்தம் போவது நின்றுவிடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில் வரும். சூழல் மோசமாக இருந்தால் அரை நாளே போதும்.

3. வெதுநீர்க் காயம் என்று சொல்லத்தக்க வெதுவெதுப்பான நீரின் பாதிப்பு. 15 டிகிரிக்கு மேல், 30 டிகிரி வரையுள்ள நீரில், ஒன்று முதல் மூன்று நாட்களில் வரும். உள்ளங்கால் மட்டும் வெளுத்து, ஆழமான மடிப்புகள் விழுந்து, நடக்கும்போது கயிற்றின் மீது மிதிப்பதுபோல் வலிக்கும்.

4. வெப்பமண்டல ஊறல் கால். அதே வெதுவெதுப்பான நீரில் மேலும் சில நாட்கள் தொடர்ந்து கிடந்தால், பாதிப்பு உள்ளங்காலைத் தாண்டி மேற்பாதத்துக்கும் கணுக்காலுக்கும் ஏறும். சிவந்து வீங்கும். தொடையிடுக்கில் நெறி கட்டும். காய்ச்சலும் வரலாம்.

கடலூர், புதுச்சேரி கடற்கரையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தேங்கிய மழைநீர் அதைவிடச் சற்றே இளஞ்சூடாகவும் இருக்கும். எனவே முதல் இரண்டும் நம் தெருவெள்ளத்தில் வருவதில்லை. மூன்றாவதும் நான்காவதும் வரும். இங்கே காலைக் கெடுப்பது குளிர் அல்ல, இடைவிடாத ஈரம். அதாவது நேரம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பிறகு வரும் மருத்துவமும் தடுப்பும் எல்லாம் தானாக விளங்கும்.

இந்தக் கடற்கரையிலும் குளிர்க் காயத்துக்கு இடமுண்டு, ஆனால் வெள்ளத்தில் அல்ல, தொழிலில். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகின் ஐஸ் கிடங்கில் இறங்கி மீன் அடுக்குபவர், துறைமுகத்தில் உருகிய ஐஸ் தண்ணீரில் கால் நனைய மீன் தரம் பிரிப்பவர், இறால் பதப்படுத்தும் கூடத்தில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் ஆகியோரின் கால் படும் நீர் 15 டிகிரிக்கு வெகு கீழே இருக்கும். உறைந்த மீன் வைக்கும் அறை மைனஸ் 18 டிகிரியில் இயங்குகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அவர்கள் பாதம் ஐரோப்பியக் குளிர்காலத்தில் நிற்கிறது. விரல் மரத்துப்போவதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுவது அவர்களிடம் வழக்கம்.

பதுங்குகுழியிலிருந்து நெல்வயலுக்கு

புதுச்சேரி கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே, 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போரில் உயிரிழந்த பிரெஞ்சு இந்திய வீரர்களுக்கானது அது. அந்தப் போரின் மேற்கு முனையில் பதுங்குகுழிகளுக்குள் முழங்கால் அளவு சேற்றுநீரில் நாள்கணக்கில் நின்றதால்தான் இரண்டாவது வகைக் காயத்துக்கு அந்தப் பெயரே வந்தது. பிரிட்டிஷ் படையில் மட்டும் அந்தப் போர் முழுவதிலும் சுமார் 75,000 பேர் பாதிக்கப்பட்டதாகப் பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்.

முதலில் திமிங்கல எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பிக் காலில் தேய்க்கச் சொன்னார்கள். எண்ணெய் பெரிதாகக் காப்பாற்றவில்லை. நிலைமை மாறியது வேறு ஓர் ஏற்பாட்டால்: முன்வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து ஆட்களை மாற்றினார்கள். உலர்ந்த சாக்ஸ் கொடுத்தார்கள். ஒருவர் காலை இன்னொருவர் தினமும் பார்த்துத் துடைக்க வேண்டும் என்று விதித்தார்கள். கால் கெட்டால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றும் ஆக்கினார்கள். மருந்தைவிட நிர்வாகம் அதிகம் வேலை செய்த நோய் இது. நம் ஊரில் ரப்பர் பூட்ஸ் வழங்கியதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் ஒப்பந்ததாரர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் படிக்கலாம்.

நம் வயலுக்கு நெருக்கமான அனுபவம் ஐரோப்பாவில் இல்லை, மீகாங் கழிமுகத்தில் இருக்கிறது. வியட்நாம் போரில் நெல்வயல் நீரில் நாட்கணக்கில் நடந்த அமெரிக்கப் படையினருக்கு மூன்றாவது, நான்காவது வகைகள் கூட்டம் கூட்டமாக வந்தன. வெப்பநிலையும் சேறும் பாகூர் வயலிலோ காட்டுமன்னார்கோவில் வயலிலோ இருப்பதைப் போன்றவையே. அங்கே தெரிய வந்த இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

ஒன்று, 24 மணி நேரத்தில் குறைந்தது 8 மணி நேரம் கால் முற்றாக உலர்ந்திருந்தால் இந்தக் காயம் பெரும்பாலும் வருவதில்லை. மீகாங் பகுதியில் இயங்கிய 9-ஆம் காலாட்படைப் பிரிவு, ஈரத்தில் நிற்பதை 48 மணி நேரத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று வரம்பு வைத்ததும் இந்த அடிப்படையில்தான். இரண்டாவது, உள்ளங்காலில் சிலிகோன் கிரீஸ் பூசினால் ஊறுவது தாமதமாகிறது. தாமதம்தான், தடுப்பு அல்ல.

சம்பா நடவுக்கு இறங்கும் பெண்கள் காலை முதல் மதியம் வரை சேற்றில் நின்றாலும், இரவு முழுவதும் கால் காய்ந்து கிடக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறதே தவிர, பாதம் முழுவதும் வெந்துபோவது அரிது. வெள்ளத்தில் இந்த ஓய்வு நேரம் பறிபோகிறது. வீட்டுக்குள்ளும் தண்ணீர், வாசலிலும் தண்ணீர், படுக்கை மட்டும் மேசை மேல் என்றாகும்போது கால் காய எட்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்குத் தீங்கு

1812-இல் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து திரும்பி ஓடியபோது, அதன் தலைமை அறுவை மருத்துவர் லாரே ஒன்றைக் கவனித்தார். உறைந்த காலை இரவில் நெருப்பருகே நீட்டிக் காய்ச்சிய வீரர்கள்தான் காலை அதிகம் இழந்தார்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். காலையில் நடந்தால் மறுபடி உறையும். கவனிப்பு சரி, ஆனால் அவர் எடுத்த முடிவு தவறாகிப்போனது. சூடே கூடாது, பனியை அள்ளித் தேய்க்க வேண்டும் என்றார். நூறாண்டுகளுக்கு மேல் உலகம் அதைப் பின்பற்றிக் கால்களைத் தேய்த்துக் கெடுத்தது. உறைகாயத்தை வெதுவெதுப்பான நீரில் விரைவாக இளக்குவதே சரி என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே நிலைபெற்றது.

இன்றைய நடைமுறை இது:

1. உறைகாயத்துக்கு 37 முதல் 39 டிகிரி வரையுள்ள நீரில், தோல் சிவந்து மென்மையாகும் வரை, சுமார் அரை மணி நேரம் காலை வைக்க வேண்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், சுடக்கூடாது. தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவே கூடாது. இமயமலைப் பக்கம் யாத்திரையோ மலையேற்றமோ போகும் நம்மூர்க்காரர்களும் பனிமுனைகளில் பணிபுரியும் ராணுவத்தினரும் அறிய வேண்டியது இது. அடைபட்ட ரத்தக்குழாய்களைத் திறக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அவை விரைவில், முடிந்தால் முதல் நாளுக்குள், கொடுத்தால்தான் நல்ல பயன் தரும் என்பதால் மருத்துவமனைக்கு விரைவதே முக்கியம்.

2. பதுங்குகுழிக் காலுக்கு இதே சுடுநீர் தீங்கு. ரத்த ஓட்டம் இன்னும் திரும்பாத திசுவைச் சூடாக்கினால் அதன் ஆக்ஸிஜன் தேவை கூடும், வரத்து கூடாது. ஆகவே ஆளைப் போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுத்து உடலை வெதுப்ப வேண்டும். காலை மட்டும் உலர்த்தி, உயர்த்தி, அறைக் காற்றில் மெதுவாகத் தேறவிட வேண்டும். ரத்தம் திரும்பும்போது கால் சிவந்து வீங்கி, மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும். சாதாரண வலி மாத்திரைக்கு அது பெரும்பாலும் அடங்காது. நரம்பு வலிக்கான மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். குளிர் பட்டால் கூசுவதும் அளவுக்கு மீறி வியர்ப்பதும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

3. வெதுவெதுப்பான நீரில் வந்த காயத்துக்குச் சூடும் தேவையில்லை, குளிர்ச்சியும் தேவையில்லை. தேவை உலர்வு. ஏற்கெனவே ஊறி நொந்த தோலை மறுபடி உப்புச் சுடுநீரில் ஊறவைப்பது காரணத்தையே மருந்தாகக் கொடுப்பது.

வெள்ளத்திலிருந்து ஏறிய பின்

நம் வட்டாரத்தில் பத்தில் ஒன்பது பேருக்குத் தேவைப்படுவது இந்தப் பகுதிதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. நல்ல தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் காலைக் கழுவுங்கள். வெள்ளநீரில் கழிவுநீர் கலந்திருக்கும், அதைக் காலில் வைத்துக்கொண்டு உலர்த்திப் பயனில்லை. டெட்டாலை அப்படியே ஊற்றாதீர்கள், ஊறிய தோலை அது எரித்துவிடும்.

2. துடைக்கும்போது இழுத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் இடம் மிகக் குறுகியது, ஈரம் கடைசிவரை தங்குவதும் புண் முதலில் பிடிப்பதும் அங்கேதான். பழைய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்து முனையை இடுக்கில் விட்டால் டவலைவிட நன்றாக ஈரத்தை உறிஞ்சும்.

3. தலையணையில் காலை உயர்த்தி, மூடாமல், மின்விசிறிக் காற்றில் விடுங்கள். மின்சாரம் இல்லையென்றால் விசிறி மட்டையே போதும். ஹேர் டிரையர் வேண்டாம், மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

4. வெளுத்துத் தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். ஒரு நாளில் கால் பழைய தோற்றத்துக்கு வந்துவிடும். மிதித்தால் நோகும் தன்மை மேலும் இரண்டு மூன்று நாட்கள் இருக்கும். சில நாட்கள் கழித்து உள்ளங்கால் தோல் தடிதடியாக உரிந்து விழலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

5. பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். ஈரத்தோடு சேர்ந்து விரலிடுக்கில் கட்டியாகி, அதுவே உரசத் தொடங்கும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கமும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வெடிப்பில்லாத தோலில், வேலைக்கு இறங்குமுன் பூசினால் ஓரளவு நீர் புகுவதைத் தாமதப்படுத்தும். திமிங்கல எண்ணெய்க்கு இருந்த அதே எல்லை இவற்றுக்கும் உண்டு. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைக்கும் வழக்கத்தில் தோலை இறுக்கி உலர்த்தும் தன்மை ஓரளவு இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் சாயம் கலந்த கறுப்பு மருதாணியை வெடித்த தோலில் வைப்பது கொப்புளத்தை விலைக்கு வாங்குவது.

சேற்றுப்புண்ணும் மருந்துக்கடை டியூபும்

விரலிடுக்கில் வெளுத்து, அரித்து, வெடிப்பது பெரும்பாலும் பூஞ்சையில் தொடங்குகிறது. பிறகு பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. அரிப்பு போய் வலியும் நாற்றமும் பச்சை நிறமும் வந்தால் கைமாறிவிட்டது என்று பொருள். உள்ளங்காலில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகளும் சகிக்க முடியாத வாடையும் இருந்தால் அது பூஞ்சையே அல்ல, பாக்டீரியா. பூஞ்சை டியூப் அதற்குப் போதாது.

பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் என்றால் நான்கு வாரம் வரை, டெர்பினாஃபைன் என்றால் ஒன்றிரண்டு வாரம், தினமும் பூச வேண்டும். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே விட்டுவிடுவதால்தான் அடுத்த மழைக்குத் திரும்புகிறது. இதைவிடப் பெரிய தொல்லை, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கப்படும் கலவை டியூப்கள். பூஞ்சை மருந்தோடு பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் அதில் இருக்கும். ஒரே நாளில் அரிப்பு அடங்கும், ஆள் சந்தோஷப்படுவார். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும், தோல் மெலியும். அட்டையின் பின்புறம் இந்தப் பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனி மருந்து கேளுங்கள்.

யாருக்குக் கூடுதல் ஆபத்து

நீரிழிவு உள்ளவர்களே முதல் வரிசை. நரம்பு மரத்தவருக்கு ஆணி குத்தியதும் தெரியாது, தோல் கிழிந்ததும் தெரியாது. வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆட்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது. அவர் வெள்ளநீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. நெடுநேரம் நனைந்தும் சுருங்காத விரலும் இதே சந்தேகத்தை எழுப்ப வேண்டும்.

அடுத்தது யானைக்கால் நோயால் வீங்கிய கால் உள்ளவர்கள். ஒரு காலத்தில் இந்த நோய் மலிந்திருந்த கடற்கரை இது. கொசுவழி நோய்களை ஆராயும் மத்திய நிறுவனம் 1975-இல் புதுச்சேரியில் அமைந்து, யானைக்கால் கட்டுப்பாட்டில் பெரும்பணி செய்தது. புழு ஒழிந்தாலும் வீங்கிய கால் ஒழிவதில்லை. விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும் ஒவ்வொரு முறையும் காய்ச்சலும் நடுக்கமுமாகக் கால் சிவந்து, முன்னைவிடப் பெரிதாகிறது. அவர்களுக்கு மழைக்காலத்தில் தினமும் கழுவி, மடிப்புகளை ஒற்றித் துடைத்து, வெடிப்புக்கு மருந்து போடுவதே முதன்மைச் சிகிச்சை.

கல்லீரல் கெட்டவர்கள், குறிப்பாக நெடுநாள் குடித்தவர்கள், முகத்துவாரத்து உப்புநீரில் புண்காலோடு இறங்குவது ஆபத்தானது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி ஒரே நாளில் காலைக் கறுக்கவைக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக்குழாய் ஏற்கெனவே இறுகியிருப்பதால் ஐஸ் வேலை இன்னும் கெடுதல்.

வேலைக்கு ஏற்ற தடுப்பு

வயலில்: ஒரே மூச்சில் நடாமல், வரப்பேறும் இடைவேளையில் காலைக் கழுவித் துடைக்க ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு துணியும் இருந்தால் போதும். மாலையில் கழுவிய கால் மறுநாள் காலை வரை நனையாமல் இருப்பதே பாதுகாப்பு.

படகிலும் ஐஸ் கூடத்திலும்: இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பது உதவாது. இறுக்கம் ரத்தத்தை நிறுத்தும், காப்பு குறையும். ஒரு அளவு பெரிய பூட்ஸ், ஒரு தடித்த சாக்ஸ், மாற்றுக்கு ஒன்று பாலித்தீன் பையில் கட்டி வைத்தது. விரல் மரத்தால் உடனே மேலேறி உலர்த்த வேண்டும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சுவதால், நனைந்த காலில் பத்து நிமிடம் என்பது சாதாரண பத்து நிமிடம் அல்ல.

துப்புரவுப் பணியில்: கணுக்கால் உயர பூட்ஸை முழங்கால் நீரில் போட்டுக்கொண்டு இறங்கினால் அது காலைச் சுற்றி ஒரு வாளி சாக்கடையைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். முழங்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி, முறைமாற்றுப் பணி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்புக் கருவி. நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒருமுறை மாற்றினால் இரவுக்குள் பெருமளவு காய்ந்துவிடும். பிளீச்சிங் பவுடர் தூவும் நாளில் நனைந்த காலைக் கழுவாமல் விடக் கூடாது.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால்: வெறுங்காலைவிட வார்ச் செருப்பு மேல், கண்ணாடியும் தகரமும் அடியில் கிடக்கும். குடும்பத்தில் ஆள்மாற்றி இறங்குங்கள். எட்டு மணி நேரக் கணக்கு கட்டிலிலோ மாடியிலோ நிவாரண முகாமிலோ நிறைவேற வேண்டும். முகாம் நடத்துபவர்கள் போர்வையோடு ஆளுக்கு ஒரு பழைய துணித்துண்டும் கொடுத்தால் செலவு அதிகமில்லை.

எப்போது மருத்துவமனைக்கு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு மருத்துவத்தை நிறுத்திவிடுங்கள்:

1. சிவப்பு காலில் மேல்நோக்கி ஏறுகிறது, அல்லது தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.
2. தோலில் தெரியும் அளவைவிட வலி பல மடங்கு அதிகமாக இருக்கிறது, நீலமோ கறுப்போ படர்கிறது, ரத்தக் கொப்புளம் வருகிறது. இதற்கு மணிக்கணக்குதான் அவகாசம், 108-ஐ அழையுங்கள்.
3. ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகும் மரத்த தன்மை போகவில்லை.
4. நீரிழிவு உள்ளவர் காலில் எவ்வளவு சிறிய புண் இருந்தாலும்.
5. கிழிந்த காயம் வெள்ளநீரில் பட்டு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

காலில் புண் ஆறிய பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வெடித்த தோல் வழியே நுழையும் எலிக்காய்ச்சல், பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில், சிலருக்கு ஒரு மாதம் கழித்துக்கூட வெளிப்படும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையைத் தொட்டால் உயிர்போகும் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள், சிறுநீர் குறைவு ஆகியவை அடையாளங்கள். தொடர்ந்து வெள்ளநீரில் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தாமாக எடுக்கக் கூடாது. சேற்றுமண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற இன்னொரு காய்ச்சலும் உண்டு. மழைக்குப் பின் நீரிழிவு நோயாளிகளைத் தாக்கும் இது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய். பார்வைக்குக் காசநோய் போலிருக்கும். சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு மசியாது. ஆகவே மழை விட்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாலும், எந்தத் தேதியில், எத்தனை நாள், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்பதை மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.